பித்தளை புஷ் போட்ட கியர்

காலை நாலே முக்கால். சாம்பியன் ரீப்ஸிலிருந்து கோரமண்டல் பக்கம் போகும் ரோடு. ஒரு பக்கம் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு. மறுபக்கம் மூடிப்போன தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டைச் சுற்றி ஆள் உயரச் சுவர். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குதான் கிடையாது... அந்த ரோட்டில் ஒரே ஒரு கார்.

ஜன்னலை இறக்கிவிட்டு நெருங்கி உட்காருங்கள். பங்காருப்பேட்டை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ரயில் நிற்கிற நிற்பைப் பார்த்தால் இரண்டு தடவை சொல்லலாம் போலிருக்கிறது. நடந்தது என் நண்பன் கிளாரன்ஸின் பெரியப்பா மகன் எல்வினுக்கு.

எல்வினுக்கு பெங்களூரில் வேலை. மனைவி மரியா, மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டாள். இவன் மட்டும் போகவில்லை. ஊர் வீட்டை விட முடியாதாம். வீடு என்பது இரண்டு அறை, ஒரு நாற்காலி. அந்த வரிசையில் மற்ற வீடுகளிலெல்லாம் பூட்டு. ஒரு நாளில் அவன் வாய் திறந்து பேசியது டோல்கேட்டில் மட்டும்தான். ஃபாஸ்டாக் வந்து அதுவும் நின்றுபோயிற்று.

பேச ஆளில்லாதவன் காரோடு சகவாசம் வைப்பான். ஆண்டர்சன்பேட்டையில் டைட்டஸ் என்று ஒரு மெக்கானிக், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே இன்ஜினுக்குள் எட்டிப் பார்க்கும் மேதை. "ஷார்ட் ஷிஃப்டர் போடு மச்சான்," என்றான். "ரப்பர் புஷ்ஷெல்லாம் பெருசுங்களுக்கு. பித்தளை போட்டுப் பாரு, வண்டி இன்னா நினைக்குதுன்னு உன் கைக்கே தெரியும்."

ஷார்ட் ஷிஃப்டர் என்றால், கியர் மாற்றக் கை போகும் தூரத்தைப் பாதியாக்கும் ஒரு குட்டை லிவர். கையை நாலு அங்குலம் நகர்த்தும் கொடுமையிலிருந்து மனித குலத்துக்கு விடுதலை. எல்வின் அதைப் பொருத்திக்கொண்டு தினமும் போன இடமோ, நெரிசலில் இரண்டாவது கியருக்கு மேல் தேவையே படாத ஒயிட்ஃபீல்டு.

ஞாயிறு முழுக்க இருவரும் காருக்குள் கவிழ்ந்து கிடந்தார்கள். கன்சோலைக் கழற்றி, பழைய லிவரை உருவி, அதன் அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் வளையத்தைத் தூக்கிப் போட்டு, பித்தளை புஷ்ஷுக்கு கிரீஸ் தடவி இறக்கினார்கள். கியர் 'டக்' என்று விழுந்தது. ரப்பர் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வெல்லாம் இப்போது நேராக உள்ளங்கைக்கு ஏறியது.

மறுநாள் விடிகாலை. அந்தச் சுவரோரம் காரை அணைத்துவிட்டு ஒதுங்கப் போனான் எல்வின். திரும்பி வந்து உட்கார்ந்து கியர் குமிழைப் பிடித்தான். இன்ஜின் ஓடவில்லை. ஈரப் பாறை வாசனை... சுரங்கத்துக்குள் கொண்டுபோவார்களே, அந்தக் கார்பைடு விளக்கை அப்போதுதான் அணைத்த நெடி...

டிக்.

காதில் இல்லை. கையில்.

இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே பாறை சரிந்து வழி அடைபட்டால், மாட்டியவர்கள் காற்றுக் குழாயில் தட்டுவார்கள். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு. கேட்டவன் அதே எண்ணிக்கையில் திருப்பித் தட்ட வேண்டும். தட்டிவிட்டானென்றால், அவர்களை வெளியே எடுக்கும்வரை, ஷிஃப்ட் முடிந்தாலும் அங்கிருந்து நகரக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம்.

வெளியூர்க்காரன் என்றால் டைட்டஸுக்கு போன் போட்டுத் திட்டியிருப்பான். எல்வின் நம்மூர்க்காரன். மோதிரத்தால் குமிழில் ஒரு தட்டு தட்டினான்.

உடனே... டிக்.

அப்புறம் தினமும் அங்கே நிறுத்தினான். ஐந்து நிமிடம் அரை மணி ஆயிற்று. ஆபீசுக்குப் போகாமலேகூட இருந்தான். கிளாரன்ஸ் கேட்டுப் பார்த்தான்.

"அண்ணே, மைனு பூரா தண்ணி ரொம்பிக் கெடக்குது. உள்ள யாரு இருப்பா?"

"ஒருத்தன்டா. ஒருத்தனே தான் கீறான்."

"புஷ்ஷு லூசா இருக்கும்ணே."

"லூசு புஷ்ஷு, நான் தட்டுனா மட்டும் பதில் தட்டுமா?"

டைட்டஸை வரவழைத்தார்கள். குமிழைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'ரெசனன்ஸ், இன்ஜின் அதிர்வு' என்று தீர்ப்பளித்தான். அணைத்த இன்ஜினில் அது எப்படி வரும் என்றதற்கு, அதெல்லாம் அட்வான்ஸ் லெவல் என்றான்.

கடைசியில் மரியாவே மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். "இப்ப வரலேன்னா இனிமே கூப்பிட மாட்டேன். காரா, நாங்களா?"

"காரு இல்ல மரியா. அவன் தனியா கீறான்."

"நீங்க மட்டும் இன்னாவாம்?"

எல்வின் பெட்டியில் துணியை எடுத்து வைத்தான். "சரி, போலாம். காலைல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

விடிந்தது. வரவில்லை. மரியாவும் கிளாரன்ஸும் போய்ப் பார்த்தார்கள். சுவரோரம் கார். பானெட்டில் பனி. கண்ணாடி இறங்கியிருந்தது, சாவி காரிலேயே இருந்தது. ஷாஃப்டின் வாயை மூடிய கான்கிரீட்டில் பாசிகூடக் கலையவில்லை. ஓட்டுநர் சீட்டில் யாருமில்லை... சீட் பெல்ட் மட்டும் மாட்டியபடியே இருந்தது.

மரியா பெல்ட்டை விடுவித்து அந்த சீட்டில் உட்கார்ந்தாள். காரைத் தள்ளி நிறுத்தலாம் என்று கிளாரன்ஸ் ஜன்னல் வழியாகக் கையை விட்டு கியரைப் பிடித்தான்.

டிக்... டிக்.

இரண்டு.

கையை உருவி பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். "அண்ணி... அதத் தொடாதீங்க. எறங்குங்க, போலாம்."

மரியா குமிழின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். மடியிலிருந்த பைக்குள் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து மகள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அது அடித்துக்கொண்டிருக்கும்போதே, கல்யாண மோதிரத்தால், அவசரமில்லாமல், மரியா குமிழில் தட்டினாள்.

ஒன்று...

இரண்டு.