வளையம் மூடியாச்சா?

காம்பஸ் வாங்கினால் முள் வழுக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும் ஐயா. என்னுடையது வழுக்காது. நீங்கள் என் மேசையிலிருந்து எடுத்துவந்த படத்தைப் பாருங்கள், நடுப்புள்ளியில் தாள் கடுகளவும் கிழியவில்லை.

இதற்கு மண்டலா என்று பெயர். நடுவில் புள்ளி, சுற்றி ஒரு வளையம், அதற்குள் இதழ்கள். பிறகு அடுத்த வளையம். சொல்லிக்கொடுத்தவர் ஒரு மனநல ஆலோசகர். படுத்த படுக்கையாகிவிட்ட அக்காவை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஓடி, ஒருநாள் கையிலிருந்த தம்ளரை அவள் தலைமாட்டுச் சுவரில் வீசிவிட்டேன். அதன்பிறகுதான் அவரிடம் போனேன்.

"கோபம் வந்தா உட்கார்ந்து வரைங்க. எடுத்த வளையத்த முடிக்காம மட்டும் எழுந்திரிக்காதீங்க," என்றார்.

அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள்.

"நீ வட்டம் போடு, நான் வாய மூடிக்கிறேன். நல்ல வைத்தியந்தான்டி."

கேலி செய்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதன்பிறகு பக்கத்து அறையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் முதுகு வலித்தாலும், "வளையம் மூடியாச்சாடி?" என்றுதான் கேட்பாள். "இன்னும் இல்லக்கா" என்றால் காத்திருப்பாள். அம்மா போனபின் என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

வீடு அமைதியானது. எனக்குத் தூக்கம் வந்தது. முகத்தில் களை வந்திருப்பதாக ஆலோசகர்கூடச் சொன்னார்.

அன்று மத்தியானம் அவள் கட்டிலோரத்து மேசையைத் துடைத்தேன். மூச்சுத்திணறல் வந்தால் உறிஞ்சுகிற மருந்தை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தவள், திருப்பி வைக்க மறந்துபோனேன். அது சத்தியமாக மறதிதான். பிறகு வரைய உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் கேட்டாள். குரல் பாதிதான் வந்தது.

"வளையம்... மூடியாச்சாடி?"

"இன்னும் இல்லக்கா."

கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. கையோடு பழகிப்போன வழக்கம், பாதியில் எழ முடியவில்லை என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். நீங்களும் பாவப்பட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்தத் தண்ணீரைக் குடித்ததுதான் என்னை இந்தக் காவல் நிலையத்துக்குத் திரும்ப வரவைத்தது.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் மறைப்பது? அவள் கேட்டபோது வளையம் மூடியிருந்தது. பேனாவுக்கு மூடிகூடப் போட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அதைத் திறந்து, காம்பஸை இன்னும் அகலமாக விரித்து, வெளியே புதிதாக ஒன்று எடுத்தேன். கடைசி வளையம் அதுதான். ஓர் இதழ்கூட நடுங்கியிருக்காது, பாருங்கள்.

அதை முடித்துவிட்டு, "மூடியாச்சுக்கா" என்று பதில் சொல்லிக்கொண்டேதான் எழுந்து போனேன்.