அண்ணனின் அழுக்குச் சட்டை

சட்டையைத் தேய்க்கும்போது முதலில் காலரைத்தான் தேய்க்க வேண்டும், டாக்டர். முதுகில் ஆரம்பிப்பவர்கள் கடைசியில் காலருக்கு வரும்போது தேய்த்ததெல்லாம் மறுபடி கசங்கியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக வீட்டின் முன்னறையில் இந்த வேலையைச் செய்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தச் சட்டை யாருடையது என்று மோந்து பார்த்துச் சொல்லிவிடுவேன்.

அன்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் 'இல்லை' என்று பதில் சொன்னேன். அதைத் திருத்திச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். வெளியே ஒரு அம்மா பூனையோடு காத்திருக்கிறார். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

வாண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு மாத நாய்க்குட்டி. அண்ணன் வேலை செய்யும் வெல்டிங் பட்டறையில் பழைய இரும்புக் குவியலுக்குள் கிடந்ததாம். சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணி தையல் கம்பெனிக்குப் போய்விடுவார், அவர்கள் மகள் பள்ளிக்கு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பகலில் வீட்டில் நான் ஒருவன்தான். சோறு பிசைந்து வைத்தது, உண்ணி பொறுக்கியது, வயிறு கெட்டபோது கழுவிவிட்டது எல்லாம் நான். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், என் மடியிலிருந்து குதித்து ஓடிவிடும். அவர் பாதத்தின்மேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

"பாருங்க கூத்தை. சோறு போடறது ஒருத்தர், சொந்தம் கொண்டாடறது இன்னொருத்தர்கூட" என்று அண்ணி சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

ஒரு மதியம் என் சட்டை ஈரமாக இருந்தது. அழுக்குக் கூடையிலிருந்து அண்ணன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனேன். வாண்டு உடம்பெல்லாம் குலுங்க ஓடிவந்தது. எனக்காக அது அப்படி ஓடிவந்ததே இல்லை. கிட்டே வந்து மோந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. வால் நின்றுவிட்டது.

நடந்தது அவ்வளவுதான். பழைய இஸ்திரிப் பெட்டியின் ஒயர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து அடித்தேன்.

அடித்து முடித்ததும் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது, பாவம். பால் வைத்தேன். தடவிக் கொடுத்தேன். என் மடிக்குள் புகுந்துகொண்டது. அன்று சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டபோது அது ஓடவில்லை.

அதன்பிறகு ஒழுங்காகச் செய்தேன். மதியத்தில், தெரு அடங்கியிருக்கும் நேரத்தில். அவர் சட்டை, அவருடைய பழைய பட்டறை பூட்ஸ், முகத்தைச் சுற்றி அவர் துண்டு. வாயைத் திறக்க மாட்டேன். முதுகில் ஒயர், மூலைக்குப் போய் ஒடுங்கினால் பூட்ஸ். ரத்தம் சிந்தினால் சிமெண்டுத் தரையைக் கழுவிவிடுவேன். அப்புறம் குளித்து, என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து காயத்துக்கு மருந்து தடவுவேன். நாயின் மூக்கை ஏமாற்ற முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது, அது உங்கள் படிப்பு. எனக்குத் தெரிந்தது, என் சட்டையில் இருந்தபோது நான் அதை ஒருநாளும் அடித்ததில்லை.

இரண்டு மாதத்தில் அண்ணனைப் பார்த்து உறும ஆரம்பித்தது.

"என்னடா வாண்டு, மாமியார் மாதிரி மொறைக்கிற? நான் என்ன சீர் செய்யாமலா விட்டேன்?" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டினார். உள்ளங்கையில் ஏழு தையல் போட வேண்டியதாயிற்று.

அண்ணி அழுதார். "இதை எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. பொண்ணு இருக்கற வீடு."

"பச்சப்புள்ளடி அது. எதுக்கோ பயந்திருக்கு. நாமதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."

நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அண்ணன் கட்டுப்போட்ட கையோடு தினமும் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து அதனிடம் பேசுவார். பட்டறையில் நடந்ததையெல்லாம் சொல்வார். பத்து நாளில் அதன் காது அவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. ஒருமுறை வால்கூட லேசாக அசைந்தது. மறுநாள் மதியம்தான், பிறகு நீங்கள் தடவிப் பார்த்தீர்களே, வாண்டுவின் அந்த விலா எலும்பு உடைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் குளிர், கூடையிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கை இரண்டும் தொங்க, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா தேய்க்கிறவரே, என் சட்டை இன்னுமா ஆகல?" என்று அப்பா குரலில் கேட்டாள்.

"ஆளோட சேர்த்துத்தான் தேய்க்கணும், படுங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே பின்பக்கம் ஓடினாள்.

வாண்டு அன்று கட்டப்படவில்லை. என் மேசையிலிருந்து முற்றம் நேராகத் தெரியும். அவள் போவதைப் பார்த்தேன். அது எழுந்ததையும் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். பெட்டி சூடாக இருந்தது, கீழே வாடிக்கையாளரின் பட்டுத் துணி. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனேன். அதற்குள் அவள் கன்னம் கிழிந்து, இடது காதில் பாதி போயிருந்தது. அவள் கத்தவில்லை. வாண்டுவின் வாயெல்லாம் ரத்தம். நான் "வாண்டு" என்று மெதுவாகச் சொன்னதும் விட்டுவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரியில் முகமெல்லாம் கட்டோடு அவள்தான் சொன்னாள்: "அது என்னைக் கடிக்கலப்பா. உன் சட்டையத்தான் கடிச்சுது."

எட்டு வயது. அதை நம்பித்தான் அண்ணன் மறுநாள் வாண்டுவை ஊசி போட்டுச் சாகவிடக் கொண்டுவந்தபோது உங்கள் வாசலில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெற்றுடம்போடு உள்ளே வந்தார். வாண்டு அவரைப் பார்த்து வாலாட்டியது. நீங்கள் அதைக் கவனித்தீர்கள். அதன் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "வீட்ல யாராச்சும் இத அடிக்கறாங்களா? அப்படின்னா ஊசி வேணாம். எனக்குத் தெரிஞ்ச இடத்துல விட்டா ஆறு மாசத்துல சரியாயிடும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பகலில் இருப்பவன் நான்தானே.

"இல்லைங்க டாக்டர். எங்க வீட்ல யாரும் கை ஓங்க மாட்டாங்க" என்றேன்.

நீங்கள் மருந்தை எடுத்தீர்கள்.

இப்போது அண்ணன் வீட்டில் சட்டை போடுவதில்லை. பட்டறைச் சட்டையை வாசலிலேயே கழற்றித் தானே துவைக்கிறார். மகளின் பக்கத்தில்கூட அவர் அதிகம் போவதில்லை. நேற்று சாயங்காலம் வழக்கம்போலத் தன் டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எது கிடைத்தாலும் பாதி எனக்கு. ஊற்றிவிட்டுக் கேட்டார்: "வாயில்லாத ஜீவனுக்கு நல்லவன் கெட்டவன் தெரியும்பாங்களேடா. என்கிட்ட அப்படி என்ன கெட்டதைப் பார்த்துச்சு?"

அந்த டீயை நான் குடிக்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

அடித்தது நான், டாக்டர். சாகக் கொடுத்ததும் நான்தான். அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் ஊசி போட்டபோது நாங்கள் இரண்டு பேருமே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வாண்டு தலையை வைத்தது என் மடியில்.