மேலே 235, கீழே 92

அடையாறிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பரீட்சையில வந்த ஒரு யுரேனியம் கேள்விக்காக கிளாசுக்குள்ள போய் டீச்சர்கிட்ட கத்துவேளா?" என்றாள் அவள்.

"U எழுத்துக்கு மேல போட்டிருக்கற 235 நியூட்ரான்னு நெனச்சுண்டேன். கொழந்தைக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"அது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த மொத்தமாம். கீழ இருக்கற 92 புரோட்டானைக் கழிச்சாத்தான் நியூட்ரானாம். டீச்சர் போர்டுல போட்டுக் காட்டினப்பவும் விடலையே நீங்க."

"மார்க்கைக் கொறைச்சுட்டாளேன்னு..."

"'போறும்பா, டீச்சர் சொல்றதுதான் சரி'ன்னு நம்ம பொண்ணு கெஞ்சினா. கிளாஸே சிரிச்சுது."

அவர் குனிந்த தலை நிமிராமல் கண்டக்டரிடம் பணத்தை நீட்டினார்.

"மூணு மயிலாப்பூர். முன்னால தாவணி போட்டுண்டு நிக்கறாளே, அவளும் எங்களோடதான்."

"அந்தப் பொண்ணா? டிக்கெட் எடுத்துடுச்சே சார். கூட யாரும் வர்லன்னு சொல்லிச்சு."