ஒன்பதாம் நம்பரும் நீலத் திரை வீடும்

தங்கை: கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா: முதல்ல முழுசா படிச்சியா?

தங்கை: ரெண்டு தடவை படிச்சேன். படிச்சதாலதான் போட மாட்டேங்கிறேன்.

அக்கா: மெதுவா பேசு. வெளியில பியூன் உக்காந்திருக்கார். அப்புறம்... இங்க என்னை அக்கான்னு கூப்பிடாதே.

தங்கை: நான் இன்னும் கூப்பிடவே இல்லையே!

அக்கா: கூப்பிடப் போறே. கோபம் வந்தாலும் அக்காம்பே, காரியம் ஆகணும்னாலும் அக்காம்பே. இந்த ரூமுக்குள்ள நான் தலைமைத் தேர்வாளர், நீ கேள்வி கேக்கற தேர்வாளர். அவ்வளவுதான்.

தங்கை: சரிங்க மேடம். காலைல என் குடையைத் தூக்கிட்டு வந்துட்டீங்க, அதை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க மேடம்.

அக்கா: கிண்டலுக்கு இதுவா நேரம்? புகார் வந்திருக்குடீ. நேத்து நடந்த இங்கிலீஷ் பேச்சுத் தேர்வுல, ஒன்பதாம் நம்பர்கிட்ட கேள்விச் சீட்டுல இல்லாத கேள்வியைக் கேட்டிருக்கே. ஆமாவா, இல்லையா?

தங்கை: ஆமா.

அக்கா: கொஞ்சமாவது யோசிச்சுச் சொல்லேன்!

தங்கை: எதுக்கு யோசிக்கணும்? கேட்டேன். நல்லாவே கேட்டேன்.

அக்கா: விதி என்ன? சீட்டுல என்ன அச்சடிச்சிருக்கோ அதைத்தான் வாசிக்கணும். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பதினாலு பேருக்கும் ஒரே கேள்வி. அதுதான் நியாயம்.

தங்கை: அதுக்கு ஒரு ஸ்பீக்கரை வாங்கி மேஜைல வச்சுட்டா போதுமே. நான் எதுக்கு வெட்டியா இஸ்திரி போட்ட புடவையில வந்து உக்காரணும்?

அக்கா: நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.

தங்கை: யோசிங்க, யோசிங்க.

அக்கா: இங்க பாரு. இது சின்ன விஷயம். ‘ஒன்பதாம் நம்பரின் தேர்வு செல்லாது’ன்னு இந்தப் படிவத்துல இருக்கு. கீழ உன் கையெழுத்து. உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், கிழிச்சுப் போட்டுடலாம். அதோட முடிஞ்சுது.

தங்கை: யாருக்கு முடிஞ்சுது?

அக்கா: எல்லாருக்கும்தான்.

தங்கை: செல்லாதுன்னு போட்டா அந்தம்மா ரெண்டு வருஷத்துக்குத் திரும்ப உக்கார முடியாது. அது தெரியுமில்ல?

அக்கா: தெரியும்.

தங்கை: அந்தம்மாவுக்கு வயசு நாப்பத்து நாலு. ஆஸ்பத்திரில வார்டு வேலை. வெளிநாட்டு நோயாளிங்க வர்ற வார்டுல இடம் காலியா இருக்கு, சம்பளம் ஒண்ணரை மடங்கு. இந்தத் தேர்வுல ஒன்பதுக்கு ஆறு வாங்கினாத்தான் மனு போட முடியும். நாப்பத்தஞ்சு தாண்டிட்டா வாங்கவே மாட்டாங்க. நான் செல்லாதுன்னு எழுதினா அந்தம்மா காலம் பூரா பெட்பேனைத்தான் கழுவணும்.

அக்கா: இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும்?

தங்கை: விண்ணப்பத்துல இருக்கு. நீங்க படிக்கறதில்லையா மேடம்?

அக்கா: படிக்கக் கூடாது. நம்பர் மட்டும்தான் நமக்கு. அதுவும் விதிதான்.

தங்கை: ஏழு மார்க் போட்டேன் நான். அது அப்படியே இருக்கட்டும்.

அக்கா: இருக்காது. சரி, இன்னொண்ணு பேசணும். மத்தவங்க பதிமூணு பேர்ல பதினொரு பேருக்கு மூணு மார்க் போட்டிருக்கே. எதுக்கு?

தங்கை: ஆஹா! வந்துட்டீங்களா அங்க?

அக்கா: தேர்வுல பதிவான டேப்பை முழுக்கக் கேட்டேன். ஒரு தப்புகூட இல்ல. தடங்கல் இல்ல. சரளமா பேசியிருக்காங்க.

தங்கை: பேசினாங்களா? ஒப்பிச்சாங்க! ‘உங்கள் வீட்டில் உங்களுக்குப் பிடித்த அறை எது’ன்னு கேட்டா, பதினொரு பேர் வீட்டுலயும் ஜன்னலுக்கு நீலத் திரை. பதினொரு பேர் வீட்டுலயும் வெளியில ரோஜாத் தோட்டம். பதினொரு பேரும் சாயங்காலம் அங்க உக்காந்து புஸ்தகம் படிக்கறாங்க. நாலாம் நம்பர் ஆம்பளை. மீசை வச்ச மனுஷன். ‘என் கணவர் அந்த ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்’னு மூச்சு விடாம சொல்லிட்டுப் போறார்! நான் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

அக்கா: கணவரா... ம்க்கும்.

தங்கை: சிரிக்கறே.

அக்கா: இல்ல.

தங்கை: சிரிச்சே! தோள் குலுங்குது.

அக்கா: சரி, அது அந்த ஆளோட கவனக்குறைவு. இலக்கணம் சரியாத்தானே இருக்கு?

தங்கை: இருக்கும். ஏன்னா எழுதினவங்க ஒழுங்கா எழுதியிருக்காங்க. எந்தப் புஸ்தகத்துல இருக்கு அந்த வீடு? கோச்சிங் புஸ்தகத்துல, பக்கம் முப்பத்திரெண்டு. எழுதினது யாரு மேடம்?

அக்கா: அது... மாதிரி விடைதான். ஒரு உதாரணத்துக்குன்னு கொடுத்தது.

தங்கை: எழுதினது யாருன்னு கேட்டேன்.

அக்கா: நான்தான். இப்ப என்ன?

தங்கை: நம்ம வீட்டுல எப்ப நீலத் திரை இருந்துச்சு? ஜன்னலுக்குப் பழைய பெட்ஷீட்டைக் கிழிச்சு, நாடா கோத்து மாட்டினோம். ரோஜாவாம்! குழாயடில பாசிதான் இருந்துச்சு.

அக்கா: புஸ்தகத்துல பாசியைப் பத்தி எழுத முடியுமா?

தங்கை: ஏன் முடியாது? பாசிக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லையா?

அக்கா: உனக்கு எல்லாம் விளையாட்டு. கோச்சிங் வர்றவங்களுக்கு மூணு மாசம்தான் டைம். பகல் முழுக்க வேலை பாத்துட்டு வர்றாங்க. அவங்களுக்கு ஒரு பிடிமானம் வேணும். மனப்பாடம் பண்ணியாவது வாயைத் திறக்கட்டும்னுதான் எழுதினேன். திறந்தாங்கல்ல?

தங்கை: திறந்தாங்க. எதிர்ல உக்காந்திருக்கறவ காதுல விழுதா இல்லையான்னு கவலையே இல்லாம திறந்தாங்க. நடுவுல ஒருத்தரை நிறுத்தி, ‘உங்க வீட்டுக்குப் போக எந்த பஸ்ல ஏறணும்?’னு கேளேன் பாப்போம். திருதிருன்னு முழிப்பாங்க. அவங்களுக்கு நீ ஆறு போடச் சொல்றே. நெஜமா பேசினவங்களுக்குச் செல்லாது!

அக்கா: ஒன்பதாம் நம்பர் அப்படி என்னத்தைப் பேசினாங்க?

தங்கை: டேப் கேட்டேன்னியே.

அக்கா: நீ சொல்லு. நீ எதுக்கு ஏழு போட்டேன்னு எனக்குத் தெரியணும்.

தங்கை: படுத்த படுக்கையா இருக்கற ஆளை எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கறதுன்னு சொன்னாங்க. முதல்ல எந்தப் பக்கம்னு அவர்கிட்டயே சொல்லணுமாம். அப்புறம் முதுகுக்குக் கீழ கையைக் குடுத்துட்டு, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணணும். மூணுன்னு சொன்னா மூணுலதான் தூக்கணும். அவசரப்பட்டு ரெண்டுல தூக்கிட்டா, அப்புறம் அந்த ஆள் நம்மளை நம்பவே மாட்டார்னாங்க. வினைச்சொல் எல்லாம் அங்கங்க உதைக்குது. ஆனா எனக்கு ஒவ்வொண்ணும் புரிஞ்சுது. நாளைக்கே நான் போய் ஒருத்தரைப் புரட்டிடுவேன். இதைவிட இங்கிலீஷ் எதுக்குடீ வேணும்?

அக்கா: டீ போடாதே. மேடம்.

தங்கை: டீ மேடம்.

அக்கா: நல்லாத்தான் பேசியிருக்காங்க. இல்லேங்கலை. ஆனா அது நீ போட்ட கேள்விக்கு. சீட்டுக் கேள்விக்கு வாயே திறக்கலை.

தங்கை: எப்படித் திறப்பாங்க? விலாசத்துல என்ன போட்டிருக்கு? ஆஸ்பத்திரி ஊழியர் விடுதி. ஒரே ஹால்ல எட்டுக் கட்டில். அவங்ககிட்ட போய், ‘உங்கள் வீட்டில் பிடித்த அறை எது’ன்னு கேக்கறோம். என்ன கொழுப்பு நமக்கு! ஒரு நிமிஷத்துக்கு மேல ஊமையா உக்காந்திருந்தாங்க.

அக்கா: பதினோரு செகண்டு.

தங்கை: என்ன?

அக்கா: ஒரு நிமிஷம் இல்ல. பதினோரு செகண்டு. மூணு தடவை ஓடவிட்டுப் பாத்தேன்.

தங்கை: இருக்காது. ரொம்ப நேரம்...

அக்கா: கேள்வி கேட்டவளுக்கு அப்படித்தான் தோணும். பதினோராவது செகண்டுல டேப் நிக்குது. நாப்பது செகண்டு கழிச்சு மறுபடி ஓட ஆரம்பிக்குது. மெஷின்ல மணி பதிவாகும், மறந்துட்டியா?

தங்கை: மணியெல்லாம் யாரு பாக்கறாங்க?

அக்கா: அந்த நாப்பது செகண்டுல என்ன நடந்துச்சு?

தங்கை: மெஷின் மக்கர் பண்ணிச்சு.

அக்கா: ஒன்பதாம் நம்பருக்கு மட்டும்?

தங்கை: பழைய மெஷின். எத்தனை தடவை புதுசு கேட்டிருக்கேன்...

அக்கா: சின்ன வயசுலயே உனக்குப் பொய் சொல்ல வராது. மூக்கைத் தேய்ப்பே. இப்பவும் தேய்க்கறே.

தங்கை: சரி. நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன். தமிழ்ல பேசினேன். ‘வீட்டை விடுங்கம்மா, உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க, அதைக் கேக்கறேன்’னேன். தலையைத் தலையை ஆட்டினாங்க. மெஷினைப் போட்டேன். போதுமா?

அக்கா: போதும். இதை யார்கிட்டயும் சொல்லாதே. சீட்டு மாத்திக் கேட்டா எச்சரிக்கையோட போயிடும். மெஷினை நிறுத்தினது தெரிஞ்சா உன் பேரே தேர்வாளர் பட்டியல்ல இருக்காது. இதுல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ.

தங்கை: இரு... மெஷினை நிறுத்தினது என் தப்புதானே?

அக்கா: ஆமா.

தங்கை: என் தப்புக்கு அந்தம்மா தேர்வு ஏன் செல்லாம போகணும்? தேர்வாளர் மேல தப்புன்னா வேற ஏதோ இருக்குமே. பயிற்சில சொன்னாங்க. மஞ்சள் படிவமோ என்னவோ...

அக்கா: அதெல்லாம் இப்ப நடைமுறைல இல்ல.

தங்கை: அக்கா.

அக்கா: மேடம்னு...

தங்கை: அக்கா! மூக்கை நீ தேய்க்கறே.

அக்கா: இருக்கு. இருக்கு, போதுமா? தேர்வாளர் குறுக்கிட்டதா அவரே எழுதிக் கொடுத்தா, மூணு நாளைக்குள்ள மறுதேர்வு வைக்கலாம். வேற தேர்வாளரை வச்சு. எழுதிக் கொடுத்தவங்களை நிரந்தரமா நீக்கிடுவாங்க. இந்த சென்டர்ல மட்டும் இல்ல, எல்லா எடத்துலயும். இந்தப் பட்டியல்ல வர நாலு வருஷம் அலைஞ்சே நீ.

தங்கை: அதனால மறைச்சே.

அக்கா: ஆமா, மறைச்சேன். நீ என் தங்கச்சி.

தங்கை: இப்ப மட்டும் தங்கச்சியா? அரை மணி நேரமா மேடம் மேடம்னு உயிரை எடுத்தே!

அக்கா: கத்தாதே...

தங்கை: கத்துவேன். பியூன் கேக்கட்டும். அந்த மீசைக்காரரும் கேக்கட்டும், அவர் புருஷனும் கேக்கட்டும். மஞ்சளைக் குடு.

அக்கா: நாளைக்கு யோசிச்சு...

தங்கை: குடுக்கறியா, நானே டிராயரைத் திறக்கட்டுமா?

அக்கா: ஏய்! இந்தா. நீயும் உன் பிடிவாதமும். அம்மா சரியாத்தான் சொன்னாங்க, உன்னைப் பெத்ததுக்கு ஒரு கழுதையை...

தங்கை: பேனா.

அக்கா: நல்லா யோசிச்சுக்கோ. திரும்பி வர முடியாது.

தங்கை: பேனா குடுன்னேன். ‘நான் பதிவை நிறுத்தினேன். நான் பேசினேன். தேர்வருக்கு இதில் பங்கு இல்லை.’ தேதி. கையெழுத்து. இந்தா. போய் யார்கிட்ட வேணும்னாலும் காட்டு. எனக்கு வெக்கமா இல்ல. வேலை போனா போகட்டும், அந்தம்மா பொழப்புல என்னால மண்ணு விழக் கூடாது.

அக்கா: ஒரேயடியா எழுதிட்டியே...

தங்கை: எழுதிட்டேன். இப்பவாவது சொல்லு, யாரு அந்தப் புகார் குடுத்தது? பத்தாம் நம்பரா? கதவுக்கு வெளியில காதை வச்சுட்டு நின்னான் அவன். இல்ல அந்தப் பதினொரு பேருக்கும் பாடம் எடுத்த கோச்சிங்காரனா? எவனா இருந்தாலும் நேர்ல போய் நாலு வார்த்தை கேக்காம விட மாட்டேன். ஒரு பாவப்பட்ட பொம்பளை முன்னுக்கு வர்றது பொறுக்கலையா அவனுக்கு?

அக்கா: ஒன்பதாம் நம்பர்.

தங்கை: அதான், ஒன்பதாம் நம்பரைப் பத்திப் புகார் குடுத்தது யாருன்னுதான்...

அக்கா: ஒன்பதாம் நம்பரேதான் குடுத்தாங்க. நேத்து சாயங்காலம் டூட்டி முடிச்சு, யூனிஃபார்மோட வந்து என் கையில குடுத்தாங்க. ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ்ல, அவங்களே எழுதினது. உன் பேர் போயிடுமேன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஆறு தப்பு இருக்கு, ஒரு எடத்துலயும் புரியாம போகலை. என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ‘அந்த மேடம் நல்லவங்க. ஆனா நான் பயந்து போய் உக்காந்திருக்கலை. எட்டு வீட்டுல குடியிருந்திருக்கேன், எந்த வீட்டைச் சொல்லலாம்னு யோசிச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள மெஷினை நிறுத்திட்டாங்க. அதே சீட்டு, அதே கேள்வி, எல்லாரையும் கேட்ட மாதிரி என்னையும் கேளுங்க’ன்னு. நீ போட்ட ஏழு உன்னோட இரக்கத்துக்குக் கெடைச்சதாம். அவங்க மார்க் அவங்களுக்கு வேணுமாம்.