வெடி கொளுத்தாத காவல்

கத்தாதேங்கோ சின்னராசா அண்ணை. உந்தக் கதிரையில இருங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ முதல். ஓம், உங்கட வாழையை ஆனை முறிச்சதுதான். விடியப்புறம் வயல் காவல் எங்கட மாமாவின்ர முறைதான். கையில ஆனை கலைக்கிற வெடியும் இருந்ததுதான். நித்திரையோ? அவர் நித்திரை கொண்டிருந்தா அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பன், இப்பிடி முழிசிக்கொண்டு நிப்பனே?

மாமாவோ? கோழிக்கூட்டுக்குப் பின்னால நிக்கிறார். கூப்பிட்டாலும் மனுசன் வராது.

என்ன, இனி அவரைக் காவலுக்கு விடவேண்டாமெண்டு சங்கத்தில சொல்லப் போறீங்களோ? அப்பிடிச் செய்யாதேங்கோ அண்ணை. அந்தக் காவல் இல்லாட்டி அவர் ஒடிஞ்சுபோவார். நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ.

எல்லாத்துக்கும் எங்கட டிவிதான் காரணம். சிரியாதேங்கோ. பின்னேரத்தில என்ர சின்னவள் ஒரு காட்டூன் பாக்கிறவள். அதில ஒரு கிழட்டு ஆனை, தாயில்லாத குட்டி ஒண்டைக் கூட்டிக்கொண்டு திரியும். நாள் முழுக்க ஏச்சுத்தான். அங்க போகாத, இதைத் தின்னாத, மூதேசி எண்டு. ஆனா முதலை வந்தா முன்னுக்குப் போய் நிண்டிடும். இவள் சொல்லிப்போட்டாள், இது எங்கட அப்பப்பாவெண்டு.

மாமாவுக்கு வந்த கோவம். தன்ர நெல்லைத் திண்ட சாதியோடயோ தன்னைச் சேக்கிறதெண்டு டிவிக்கு முதுகைக் காட்டி இருந்தவர். அடுத்த நாள் பக்கப்பாடாய்த் திரும்பி ஒரு கண்ணால பாத்துக்கொண்டு இருந்தார். இப்ப அந்தக் காட்டூனை விட்டு எழும்பமாட்டார், எனக்கு நியூஸ் பாக்கவும் வழியில்லை. போன கிழமை முதலை வரேக்க, டேய் கிழடு, பின்னால பாரடா எண்டு கத்தின கத்தில என்ர நீத்துப்பெட்டி விழுந்து புட்டெல்லாம் நிலத்தில. உங்களுக்கும் கேட்டதோ? நாங்கள் சண்டை பிடிக்கிறமெண்டோ நினைச்சனீங்கள்?

ஓம் ஓம், வெடிக்கு வாறன். கொளுத்தத்தான் போனவராம். நெருப்புக்குச்சியும் தட்டியாச்சாம். பாத்தா, உங்கட வேலியடியில நிண்ட ஆனையின்ர காலுக்க ஒரு குட்டி. அது தாயாய் இருக்கும் மாமா எண்டனான். இல்லையாம். அந்தப் பார்வை கிழட்டுப் பார்வைதானாம், தனக்குத் தெரியுமாம். வெடியை வாய்க்காலுக்க எறிஞ்சுபோட்டு, தகரத்தைத் தட்டிக் கலைச்சிருக்கிறார். அதுவும் மெல்லமாய், குட்டி பயந்திடுமெண்டு. அதுக்கிடையில உங்கட வாழை முறிஞ்சு போட்டுது.

மன்னிப்புக் கேக்க அவருக்கு வாய் வராது. படலையடியில வாழைக்குட்டியள் கிடக்குது பாருங்கோ, உங்களுக்கெண்டு விடியவே கிண்டி வச்சவர்.

இன்னொண்டும் சொல்லச் சொன்னவர். இண்டைக்குக் காவல் உங்கட முறையாமே? தானும் கூட வாறாராம். ஆருக்குக் காவலெண்டு நான் கேக்கேல்லை.