மாரிட்டுக்கு ஒரு பிரதி

கோலீன்: கீபோர்டுல இருந்து கையை எடுடி. நானே அடிக்கிறேன்.

மாரிட்: இரு இரு... டிரைவுக்குக் காப்பி பண்ண எது முதல்ல வரணும்? ஃபைல் இருக்கிற இடமா, போற இடமா?

கோலீன்: நாலு வருஷமா இந்த லேப்ல குப்பை கொட்டுற, இன்னும் இதைக் கேட்டா எப்படி? இருக்கிற இடம் முதல்ல, போற இடம் அப்புறம். மாத்திப் போட்டா உக்காந்து அழ வேண்டியதுதான்.

மாரிட்: அதான் உன்னைக் கூப்பிட்டேன். இந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே எனக்கு ஒண்ணும் புரியல. இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்ல மவுஸால இழுத்துப் போட்டா ஆகாதா?

கோலீன்: ஆகும். பாதியில நின்னா எது போச்சு, எது போகலன்னு நீதான் தேடணும். இந்தக் கமாண்டுன்னா விட்ட இடத்துல இருந்து தானே எடுத்துக்கும்... ஆமா, ஒரு மாசம் ஊருக்குப் போறவளுக்கு எதுக்குடி எல்லாமே?

மாரிட்: சும்மாதான். கைவசம் இருக்கட்டும்னு. அம்மா தனியா அப்பாவைப் பார்த்துக்கிறாங்க, எனக்கும் அங்க பொழுது போகணும்ல.

கோலீன்: ஒரு மாசம்தானே?

மாரிட்: ஒரு மாசம்தான். நீ அடி.

கோலீன்: அடிச்சாச்சு. ஓடுது பாரு.

மாரிட்: ஐயோ, பேரெல்லாம் இப்படியா திரையில ஓடும்? கண்ணை மூடிக்க!

கோலீன்: "டக்கரோட ஏரிக்கரையில"... யாருடி டக்கர்? என்கிட்ட சொல்லவே இல்ல?

மாரிட்: நாய். அண்ணன் வீட்டு நாய்.

கோலீன்: நாய்க்கா இத்தனை போட்டோ?

மாரிட்: நீ அதைப் பார்த்ததில்ல... ஏய், அது உன் தொப்பி பறந்த அன்னைக்கு எடுத்தது!

கோலீன்: அழிச்சிடு. இப்பவே.

மாரிட்: மாட்டேன். சுப்பீரியர் ஏரிக்குள்ள தொப்பி போக, நீ கத்திக்கிட்டே பின்னால ஓட... இந்த டுலூத் ஊர்ல நான் சிரிச்ச சிரிப்புக்கு அது ஒண்ணுதான் சாட்சி.

கோலீன்: ...முடிஞ்சுது.

மாரிட்: அதுக்குள்ளயா?

கோலீன்: ம். டிரைவைக் கழட்டலாம்.

மாரிட்: இரு. 'பனி' ஃபோல்டர் ஓடவே இல்லையே?

கோலீன்: அதுவா... அது ரொம்பப் பெரிசுடி. டிரைவ் தாங்காது.

மாரிட்: அதுக்காகத்தானே பெரிய டிரைவா வாங்கினேன். முக்கால்வாசி காலியா கிடக்கு, பாரு.

கோலீன்: அது வேலை சம்பந்தப்பட்டது. நீ சொந்தச் சாமான்தானே கேட்ட... அதை மட்டும் விட்டுடுன்னு கமாண்டுலேயே சொல்லிட்டேன்.

மாரிட்: யாரைக் கேட்டு? மூணு குளிர்காலம், உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு, மைக்கை இறக்கி, விரல் மரத்துப்போய் நான் பதிவு பண்ணின பனிச் சத்தம்... தள்ளு. நான் அடிக்கிறேன்.

கோலீன்: மாரிட், வேணாம்...

மாரிட்: இருக்கிற இடம்... போற இடம்... என்ன இது? அனுமதி இல்லையாம். என் ஃபோல்டருக்கு எனக்கே அனுமதி இல்லையா? கோலீன். யாருக்கு இருக்கு?

கோலீன்: எனக்கு.

மாரிட்: ...ஓ.

கோலீன்: போன வாரம் நம்ம புரொஃபசர் ஹால்வர்சன் கூப்பிட்டாரு. மாரிட் படிப்பை விடுறா, பனி ஆராய்ச்சியை நீ எடுத்துக்கன்னாரு. உன் வாயால நீயே சொல்லுவன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ என்னடான்னா ஒரு மாசம், ஒரு மாசம்னு...

மாரிட்: சொல்ல வாய் வரல. சொன்னா நீ அழுவ, அப்புறம் நான்... நீ அவர்கிட்ட என்ன சொன்ன?

கோலீன்: சரின்னுட்டேன். முதல்ல உன்கிட்ட வந்திருக்கணும். வரல.

மாரிட்: நீ எடுக்கலன்னா வேற எவனாவது எடுத்திருப்பான். உன்கிட்ட இருக்கிறது எனக்குச் சந்தோஷம்தான்... போடி, வயித்தெரிச்சலும் இருக்கு.

கோலீன்: இருக்கட்டும். திட்டு.

மாரிட்: திட்டல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கொடு. முதல் குளிர்காலம், முதல் பதிவு. மத்ததெல்லாம் நீயே வெச்சுக்க.

கோலீன்: அது... எதுக்குடி?

மாரிட்: அன்னைக்கு அப்பா வந்திருந்தாரு. மீன் பிடிக்கப் பனியைத் துளைப்பாரே, அந்த மிஷினைத் தூக்கிக்கிட்டு. எனக்கு ஓட்டை போடத் தெரியலன்னு ஒரே கிண்டல். மைக்கை இறக்குறதுக்கு முன்னாடியே பதிவு ஓட ஆரம்பிச்சிருச்சு, அது அவருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்ததுல இருந்து அவருக்குப் பேச்சே இல்ல. வீட்டுல தேடிப் பார்த்துட்டோம், அவர் குரல் வேற எதுலயும் இல்ல. அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்டி. உன் கணக்குல இருந்து ஒரே ஒரு வரி அடிச்சா வந்துடும்... அடிடி.

கோலீன்: யாரோ மீன் பிடிக்க வந்த ஆளுன்னு நெனச்சேன்.

மாரிட்: நீ கேட்டியா? அப்பா பேசினதைக் கேட்டியா?

கோலீன்: "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா கண்ணு"ன்னு கேட்டுட்டு... ஒரு சிரிப்பு.

மாரிட்: அவரேதான்! அப்படியேதான் சிரிப்பாரு! போடு, போடு, இப்பவே கேட்கணும்...

கோலீன்: பனிச் சத்தம் மட்டும் போதும், மனுஷக் குரலையெல்லாம் எடுத்துடுன்னு ஹால்வர்சன் சொல்லியிருந்தாரு. நேத்துதான் வெட்டினேன், மாரிட். வெட்டினதை அதே பேர்ல, பழசு மேலேயே காப்பி பண்ணிட்டேன்... வேற பிரதி இல்ல.