கை தூக்கியவர்

லான்மடாவ் பேட்டைக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். நரைத்த கொண்டைக்காரர் சொன்னார்:

"கை தூக்கினவனை வெளியே அனுப்பிட்டேன் மதினி."

"பள்ளிக்கூட கமிட்டியிலயா? இப்பத்தானே உங்களைச் சேத்தாங்க!"

"தமிழ் வகுப்பு இருக்கட்டுமான்னு ஓட்டு. ஒருத்தரும் அசையல. கடைசியில செருப்புக்கடை காதர் கை தூக்கினான். டீச்சர் வேலையிலேர்ந்து ரிட்டையர் ஆகியும் எனக்குப் பழக்கம் போகல, 'சரி, சீக்கிரம் போயிட்டு வா'ன்னுட்டேன்."

"போயிட்டானா?"

"என்கிட்ட படிச்சவனாச்சே! வாசல் வரைக்கும் போயி, கையைக் கட்டிக்கிட்டு, வகுப்புல டீச்சரைக் கூப்பிடுற மாதிரியே 'சயாமா, தமிழ் இருக்கட்டும்னுதான் தூக்கினேன்'ங்கிறான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே கை தூக்கிட்டாங்க."

மதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்லவேளை! வகுப்பு தப்பிச்சுது."

"காதர்தான் பாவம். கூட்டம் முடியிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தான். உக்காருன்னு சொல்ல மறந்துட்டேன்."